‘மகள்’ என்று தட்டினால் ‘மக்கள்’ வருகிறதா? மெக்கானிக்கல் கீபோர்டுக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ஒரு திருமண அழைப்பிதழுக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்தேன். ‘எங்கள் மகள்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘எங்கள் மக்கள்’ என்று அச்சாகிவிட்டது. பெண்ணின் தகப்பனார் தமிழ் படித்தவர். “மக்கள் என்றாலும் பிள்ளைகள்தானே, இருக்கட்டும்” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். மணமகள் அப்படி விடுவதாக இல்லை. இருநூறு அழைப்பிதழ்களை என் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். கை தவறித் தட்டிவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது: என் கீபோர்டில் ‘க’ விசை அவ்வப்போது ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து கொடுத்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நண்பர்களின் கீபோர்டுகளையும் சேர்த்துப் பழுது பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. நாள் முழுவதும் தட்டச்சு செய்கிறவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லைகளை, எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது என்ற முறையில் எழுதுகிறேன்.

எதற்கும் முன்னால் இரண்டு சோதனைகள்

விரல் தட்டுவதற்கும் திரையில் எழுத்து விழுவதற்கும் நடுவே ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனியாக இருக்கும் சுவிட்ச், அது உட்காரும் சாக்கெட், சர்க்யூட் போர்டு, கீபோர்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர், கணினியின் மொழி அமைப்பு என்று பல படிகள் இருக்கின்றன. கோளாறு எந்தப் படியில் என்று தெரியாமல் பாகம் வாங்கினால் பணம்தான் கரையும்.

முதல் சோதனை: கீபோர்டை வேறு கேபிளில், வேறு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் அதே தொல்லை என்றால் உங்கள் கணினி நிரபராதி.

இரண்டாவது, இடமாற்றம். சுவிட்சைக் கையால் பிடுங்கிச் செருகக்கூடிய ஹாட்ஸ்வாப் போர்டாக இருந்தால், சந்தேகத்துக்குரிய சுவிட்சை எடுத்து, வருடத்துக்கு ஒருமுறை தொடும் ஸ்க்ரோல் லாக் விசையின் சுவிட்சோடு மாற்றி வையுங்கள். தொல்லை சுவிட்சோடு கூடவே போனால் சுவிட்ச்தான் குற்றவாளி. பழைய இடத்திலேயே தங்கிவிட்டால் சாக்கெட்டையோ போர்டையோ பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. என் அனுபவத்தில் பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து வருகிறது

சுவிட்சுக்குள் மெல்லிய உலோகத் தகடுகள் இரண்டு இருக்கின்றன. தட்டும்போது அவை ஒன்றையொன்று தொட்டதும் அடங்கிவிடுவதில்லை. தரையில் விழுந்த பந்துபோல் சில முறை துள்ளிவிட்டுத்தான் ஓயும். பரவலாகப் புழங்கும் எம்எக்ஸ் வகைச் சுவிட்சில் இந்தத் துள்ளல் 5 மில்லிசெகண்டுக்குள் அடங்கிவிடும் என்பது அதைச் செய்யும் செர்ரி நிறுவனத்தின் கணக்கு. பல கீபோர்டுகளில் ஓடும் க்யூஎம்கே ஃபர்ம்வேரும், மாற்றாமல் விட்டால், 5 மில்லிசெகண்ட் பொறுத்திருந்துதான் தட்டைக் கணக்கில் எடுக்கும். தகட்டில் தூசி படிந்தாலோ, கடற்காற்றின் ஈரம் ஏறினாலோ, தேய்ந்துபோனாலோ துள்ளல் நீண்டுவிடும். அந்த நேரம் கடந்து வரும் துள்ளலை ஃபர்ம்வேர் இன்னொரு தட்டு என்று நம்பிவிடும்.

ஆங்கிலத்தில் இப்படி ஓர் எழுத்து இரட்டித்தால் சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு விழும், உடனே தெரிந்துவிடும். தமிழ் 99 அமைப்பில் தட்டுகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழுவது அந்த அமைப்பின் வசதி. அதே வசதி இங்கே காலை வாரிவிடுகிறது. ‘க’ துள்ளினால் மகள் மக்களாகிறாள். ‘ட’ துள்ளினால் படம் பட்டமாகிறது. ‘த’ துள்ளினால் பதி பத்தியாகிவிடுகிறார். எல்லாமே அகராதியில் இருக்கும் சொற்கள். எந்தப் பிழைதிருத்தியும் வாய் திறக்காது. தமிழ் 99இல் உயிர்கள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். உயிர் துள்ளினால் ‘காஆ’ என்று பல்லிளித்துவிடும். ஆகவே கண்ணுக்குத் தப்பும் துள்ளல் அநேகமாக வலக்கை விசைகளில்தான் ஒளிந்திருக்கும். ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்த்துத் தட்டுகிறவர்களுக்கு இடக்கையும் ஆபத்துதான். அங்கே ஆங்கில ‘ஏ’ (A) விசை துள்ளினால் கல் காலாகும், பல் பாலாகும்.

ஆகவே சந்தேகம் வந்தால் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, வெற்றுப் பக்கத்தில் அந்த ஒரு விசையை நிதானமாக நூறு தடவை தட்டி, எத்தனை எழுத்து விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். நூற்றுமூன்று என்றால் துள்ளல் உறுதி. எந்த விசையைத் தட்டினாலும் இரட்டிக்கிறது என்றால் அது வேறு நோய்: கணினியின் அமைப்பில் விசை மறுபடி அடிப்பதற்கான தாமதம் மிகக் குறைவாக இருக்கலாம். விரலைச் சற்றுத் தாமதமாக எடுக்கிறவர்களுக்கு அது இப்படித்தான் தெரியும்.

துள்ளல்தான் என்று உறுதியானால் முதலில் சுவிட்சைக் கழற்றி மறுபடி உறுதியாகச் செருகுங்கள். தளர்ந்த சாக்கெட்டும் இதே வேடம் போடும். போகவில்லையா, சுவிட்சின் தண்டு ஓரமாக ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, முப்பது நாற்பது தடவை அழுத்தி, நன்றாக உலரவிட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் புதுச் சுவிட்ச் போட்டுவிடுவது உத்தமம். சுவிட்சைச் சால்டர் செய்த போர்டு என்றால், சால்டரிங் அயர்னை எடுக்கும் முன்னால் ஃபர்ம்வேரில் காத்திருப்பு நேரத்தை 5இலிருந்து 8 அல்லது 10 மில்லிசெகண்டாக உயர்த்திப் பாருங்கள். மனித விரல் ஒரே விசையை இருமுறை தட்ட இதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும் என்பதால் உண்மையான இரட்டை எழுத்து எதுவும் தொலையாது. இது மருந்து இல்லை, வலி நிவாரணிதான், தேய்மானம் தொடரும். ஆனாலும் ஒரு வருடம் ஓட்டிவிடலாம்.

சுவிட்சுகளுக்கு நீங்களே கிரீஸ் பூசிய மறுநாள் இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். தண்டிலும் தண்டு உரசும் சுவரிலும் மட்டும் தடவ வேண்டியது தகட்டிலும் அப்பியிருக்கிறது. பிரித்துத் துடைத்துவிடுங்கள்.

ஒரு விசை மட்டும் ஊமையாகிவிட்டது

சுவிட்ச் மாற்றியபின் வந்த ஊமை என்றால், பத்தில் ஒன்பது முறை கால் மடிந்திருக்கும். சுவிட்சின் அடியில் இருக்கும் இரண்டு செம்பு நிறக் கால்கள் தாளைப்போல மெல்லியவை. சற்றுக் கோணலாக அழுத்தினால் சாக்கெட்டுக்குள் போகாமல் வயிற்றோடு மடிந்து படுத்துக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் சுவிட்ச் அழகாக உட்கார்ந்திருப்பதுபோலவே தெரியும். பிடுங்கிப் பார்த்து, இடுக்கியால் நிமிர்த்தி, நேராக வைத்து, பெருவிரலால் செங்குத்தாக அழுத்துங்கள். ஒரு கால் இரண்டு மூன்று முறை நிமிர்த்தலைத் தாங்கும். அதற்குமேல் ஒடிந்துவிடும்.

புதுச் சுவிட்ச் உள்ளேயே போக மறுக்கிறதா? ஐந்து கால் சுவிட்சை மூன்று கால் போர்டில் திணிக்கிறீர்கள். கூடுதலாக இருக்கும் இரண்டும் வெறும் பிளாஸ்டிக், நகவெட்டியால் வெட்டிவிடலாம்.

கால் நேராக இருந்தும் பேசவில்லை என்றால் சுவிட்சை வெளியே எடுத்துவிட்டு, கீபோர்டு கணினியோடு இணைந்திருக்கும்போதே, சாக்கெட்டின் இரண்டு துளைகளையும் உலோக இடுக்கியின் இரு முனைகளால் தொடுங்கள். பயப்பட வேண்டாம், யுஎஸ்பி தரும் 5 வோல்ட்டுக்குக் கையில் எறும்பு கடித்ததுபோல்கூட இருக்காது. திரையில் எழுத்து விழுந்தால் போர்டு நலம், பழுது சுவிட்சில். விழாவிட்டால் போர்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். சுவிட்சை அழுத்தும்போது பின்னால் விரல் கொடுத்துத் தாங்காவிட்டால் சாக்கெட் போர்டிலிருந்து பெயர்ந்து தொங்கும். சால்டரிங் தெரிந்தவருக்கு அது சிறிய வேலை. செம்புத் தடமே உரிந்து வந்திருந்தால் சற்றுப் பெரிய வேலை.

ஒரு விசை இல்லாமல் ஒரு வரிசையோ ஒரு நெடுவரிசையோ மொத்தமாக ஊமை என்றால் சுவிட்சுகளைத் தொந்தரவு செய்யாதீர்கள். எல்லாச் சுவிட்சும் ஒரே நாளில் சாகாது. அந்த வரிசைக்கான தடம் அறுந்திருக்கிறது, அல்லது கட்டுப்படுத்தும் சிப்பின் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது. உத்தரவாதக் காலம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

எல்லா விசைகளும் அழுத்திப் பிடித்தால்தான் எழுதுகின்றன

கீபோர்டில் ஒன்றுமில்லை. வலப்பக்க ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் விண்டோஸ் ‘ஃபில்டர் கீஸ்’ என்னும் வசதியை இயக்க முன்வரும். யோசித்தபடி ஷிஃப்டில் விரலை ஊன்றியிருக்கிறவர்களுக்கு நேர்வது இது. அணுகல் அமைப்புகளில் போய் அணைத்துவிடுங்கள். இதற்காகப் புதுக் கீபோர்டு வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மனம் நோகும் என்பதால் நான் இன்றுவரை சொல்லவில்லை.

ஸ்பேஸ்பார் கடகடக்கிறது

நீளமான விசைகளுக்கு அடியில், இரண்டு முனையும் ஒன்றாக இறங்குவதற்காக ஸ்டெபிலைசர் என்று ஒரு வளைந்த கம்பி இருக்கும். கம்பியின் முனை பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஆடினால் கடகட. எழுத்து விசைகள் மெத்தென்று இருக்க, ஸ்பேஸ்பார் மட்டும் தகர டப்பா போல ஒலிப்பதற்கு இதுவே காரணம்.

விசையின் மேல்மூடியை, அதாவது கீகேப்பை, கழற்றும்போது நடுவில் பிடித்து இழுக்காமல் ஒரு முனை, மறு முனை என்று மாற்றி மாற்றித் தூக்குங்கள். ஸ்டெபிலைசரை வெளியே எடுத்து, கம்பியை மட்டும் பிரித்து, கண்ணாடிப் பலகைமேல் வையுங்கள். ஒரு முனையை விரலால் அழுத்தும்போது மறுமுனை எழும்பினால் கம்பி வளைந்திருக்கிறது. கையாலேயே மெல்ல முறுக்கி நேராக்க வேண்டும். இதைச் செய்யாமல் எவ்வளவு கிரீஸ் அப்பினாலும் ஒரு பக்கம் டிக் டிக் என்று அடித்துக்கொண்டேதான் இருக்கும். பலரும் தாண்டிப் போகிற படி இதுதான்.

கம்பி நேரானதும் அதன் இரு முனைகளிலும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தாராளமாகத் தடவுங்கள். பிளாஸ்டிக் தண்டு உரசும் சுவர்களுக்குக் கொஞ்சம் மெலிதான கிரீஸ் போதும். கிரைடாக்ஸ் 205 என்று விற்பது அதற்கு ஏற்றது. பூசியபின் ஸ்பேஸ்பார் சோம்பலாக எழுந்தால் அளவு மிஞ்சிவிட்டது, துடைத்துக் குறையுங்கள்.

வீட்டில் கைக்கு எட்டுகிறது என்பதற்காகத் தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம். நீர்த்த எண்ணெய் இருந்த இடத்தில் இராது. வழிந்து சுவிட்சுக்குள் இறங்கித் தூசியைக் கூட்டிச் சேர்க்கும். தேங்காய் எண்ணெய்க்கு எறும்பும் வரும்.

எழுத்து விசைகளில் தட்டிய பிறகு ‘ங்ங்’ என்று ஒரு ரீங்காரம் தொடர்ந்தால் அது சுவிட்சின் சுருள்வில். கிரீஸ் அதற்குக் கேட்கும். ஆனால் கிளிக் என்று சத்தமிடுவதற்கென்றே வாங்கிய சுவிட்சைக் கிரீஸ் போட்டு அமைதிப்படுத்த முயலாதீர்கள். கிளிக்கும் கெடும், நழுவலும் வராது. பக்கத்து மேசைக்காரர் முறைக்கிறார் என்றால் வேறு வகைச் சுவிட்ச் மாற்றுவதே சமாதானத்துக்கு வழி.

புதுக் கீகேப் முட்டுகிறது, அல்லது பொருந்தவில்லை

எம்எக்ஸ் வகைச் சுவிட்சின் தலையில் கூட்டல் குறி வடிவத் தண்டு இருக்கும். செர்ரியின் பழைய காப்புரிமை காலாவதியான பிறகு மற்ற நிறுவனங்களும் அதே வடிவத்தைச் செய்வதால் எழுத்து மூடிகள் அநேகமாக எல்லாவற்றிலும் பொருந்தும். வம்பு கடைசி வரிசையில்தான். ஓர் எழுத்து விசையின் இடம் 19.05 மி.மீ.; அதை ஒரு அலகு என்று கொண்டால், வழக்கமான ஸ்பேஸ்பார் 6.25 அலகு, அதன் இருபுறமும் உள்ள கன்ட்ரோல், ஆல்ட் போன்றவை 1.25 அலகு. சில கீபோர்டுகளில் ஸ்பேஸ்பார் 7 அலகு இருக்கும். சிறிய போர்டுகளில் வலப்பக்க விசைகள் ஒரு அலகாகச் சுருங்கியிருக்கும். மூடி வாங்குமுன் ஸ்கேலை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

பொருந்துகிறது, ஆனால் அடியில் போய் முட்டும்போது வித்தியாசமாக ஒலிக்கிறது, அதுவும் ஒரே ஒரு எழுத்து வரிசையில் மட்டும் என்றால் சுவிட்சில் விளக்குக்காக விட்டிருக்கும் ஓட்டை எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஓட்டை மேல்பக்கம் இருக்கும் போர்டுகளில் ‘செர்ரி’ என்னும் உயர வகை மூடியின் சுவர், நடு வரிசையில், சுவிட்சின் உச்சியில் இடித்துவிடும். வேறு உயர வகை மூடி வாங்குவதே நேர்வழி.

மாற்றிவைத்த விசைகள் பேச்சைக் கேட்கவில்லை

எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்று மாற்றி அமைக்க உதவும் வயா செயலி கீபோர்டையே கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் பிரவுசரைப் பாருங்கள். அதன் இணையப் பதிப்புக்கு க்ரோம், எட்ஜ் போன்ற குரோமியம் வகைப் பிரவுசர்தான் ஆகும். ஃபயர்ஃபாக்ஸில் மணிக்கணக்கில் காத்திருந்து பயனில்லை. லினக்ஸில் அந்தச் சாதனத்தைப் படிக்க அனுமதியும் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஃபர்ம்வேரைப் புதுப்பித்ததும் உங்கள் அமைப்பு முழுவதும் அழிந்துவிட்டதா? அது பெரும்பாலும் அழியத்தான் செய்யும். புதுப்பிக்குமுன் வயாவில் அமைப்பைக் கோப்பாகச் சேமித்து வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் திரும்ப ஏற்றலாம். சேமிக்காதவர்கள் நினைவிலிருந்து ஒவ்வொன்றாக அமைக்க வேண்டியதுதான்.

தட்டினால் எழுத்து, பிடித்தால் ஷிஃப்ட் என்று நடு வரிசை விசைகளுக்கு இரட்டை வேலை கொடுப்பது இப்போது பலருக்குப் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு நன்றாகவே ஓடும். தமிழ் 99இல் ‘எஃப்’ விசைதான் புள்ளி. மெய்யெழுத்து வரும் இடமெல்லாம் விரல் அங்கே போகிறது. க்யூஎம்கே, மாற்றாமல் விட்டால், 200 மில்லிசெகண்டைத் தாண்டியதைப் பிடித்ததாகக் கொள்கிறது. விரலை எடுக்கச் சற்றே தாமதித்தால் புள்ளி காணாமல்போய், அடுத்த எழுத்து ஷிஃப்டோடு சேர்ந்து வேறெதுவாகவோ வந்து நிற்கும். நேரத்தை 250க்கு உயர்த்திப் பார்த்தேன், குறைந்தது, போகவில்லை. கடைசியில் அந்த ஒரு விசைக்கு இரட்டை வேலை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ழ வரவில்லை, ச வரவில்லை, மொழி மாறவில்லை

கீபோர்டு கணினிக்கு அனுப்புவது விசையின் எண்ணை மட்டுமே. அதை ‘ழ’ என்று படிப்பது கணினியின் வேலை. ஆகவே வயாவில் ‘ழ’ வைக்க இடம் தேடாதீர்கள். தமிழ் 99இல் ‘ழ’ இருப்பது சாய்கோட்டு விசையில். அம்புக்குறி விசைகளுக்குத் தனி இடம் இல்லாத, ‘அறுபது சதவீதம்’ எனப்படும் சில சிறிய போர்டுகளில் அதே விசை மேல் அம்புக்குறியாகவும் வேலை செய்யும். ஏதோ ஒரு கூட்டு விசை தவறுதலாக அழுந்திவிட்டால் ‘வாழை’க்குப் பதில் கர்சர் மேல்வரிக்குத் தாவும். கையேட்டில் அந்தக் கூட்டு விசையைத் தேடி மறுபடி அழுத்துங்கள். ‘ச’வும் ‘ஞ’வும் சதுர அடைப்புக்குறி விசைகளில், ‘ய’ ஒற்றை மேற்கோள் விசையில். இன்னும் சிறிய நாற்பது சதவீத போர்டுகளில் இவற்றில் பலவும், கூட்டு விசையோடு அழுத்தினால்தான் வரும் வேறு அடுக்குக்குள் ஒளிந்திருக்கும். பார்க்க அழகாக இருக்கும், ‘செய்யுங்கள்’ என்று தட்டிப் பாருங்கள், தெரியும். தமிழ் 99 அரசு அங்கீகாரம் பெற்ற 1999இல் இப்படியும் விசைகளைக் குறைப்பார்கள் என்று யார் நினைத்திருப்பார்கள்!

விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பாரை அழுத்தியும் மொழி மாறவில்லை என்றால், விளையாட்டுக்கென்று வந்த கீபோர்டுகளில் விண்டோஸ் விசையைப் பூட்டும் வசதி இருக்கும். அது விழுந்திருக்கிறதா பாருங்கள். அல்லது பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தான் மேக் பக்கம் நகர்ந்து, விண்டோஸும் ஆல்ட்டும் இடம் மாறியிருக்கும்.

கீபோர்டையே காணவில்லை, அல்லது எழுத்துகள் விழுங்கப்படுகின்றன

விளக்கு எரிகிறது, கணினிக்குத் தெரியவில்லை என்றால் கேபிள் மின்னேற்றத்துக்கு மட்டுமானது. பழைய கைபேசியோடு வந்த கேபிள்களில் இதைப் பார்க்கலாம். இருபுறமும் யுஎஸ்பி சி முனை உள்ள கேபிளில் உயிரே வரவில்லை, ஒருபுறம் ஏ முனை உள்ளதில் வருகிறது என்றால், போர்டைச் செய்தவர்கள் 5.1 கிலோ ஓம் மின்தடையங்கள் இரண்டைப் போடாமல் மிச்சம்பிடித்திருக்கிறார்கள். ஏ முனைக் கேபிளோடு காலம் தள்ளலாம்.

வயர்லெஸ் கீபோர்டில் எழுத்து விட்டுவிட்டு வந்தால் ரிசீவரை யுஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள். அந்தத் துளையும் அதில் ஓடும் வெளி வட்டும் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நேராக விழும். ஒரு நீட்டிப்புக் கேபிள் போட்டு ரிசீவரை மேசைமேல் கொண்டுவந்தால் போதும்.

தேநீர் கொட்டிவிட்டது

கேபிளைப் பிடுங்குங்கள். வயர்லெஸ் என்றால் பொத்தானை அணையுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

இப்போது கீபோர்டைக் கவிழ்த்துப் பிடியுங்கள். மூடிகளையும், ஹாட்ஸ்வாப் என்றால் சுவிட்சுகளையும் கழற்றுங்கள். வெறும் தண்ணீர் என்றால் உலரவிடுவதே பாதி வைத்தியம். தேநீரில் சர்க்கரை இருக்கிறது. உலர்ந்தபின் அது சுவிட்சுக்குள் பாகாய் இறுகி, விசை அழுந்தி எழ நேரமாகும். கொட்டிய இடத்துச் சுவிட்சுகளையும் போர்டையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பிரஷ் வைத்துக் கழுவுங்கள். மூடிகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைக்கலாம். மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள். அவசரத்தில் ஹேர் டிரையரைச் சூடாக வைத்து மூடிகளை நெளியவிட்டவர் நான்தான். எஸ்கேப் விசை இன்றும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது.